தொப்பூர் இறக்கத்தில் எஞ்சின் எழுதிய கணக்கு

கணக்கேடு பொய் சொல்லாது என்பர். அது முழு உண்மையன்று. ஏட்டில் எழுதியவை அனைத்தும் மெய்யாக இருந்தும், அவற்றைச் சேர்த்துப் படிக்கத் தவறினால், குற்றமற்றவர் மீது பழி விழுவதுண்டு. அத்தகைய பழி ஒன்று நேரவிருந்ததையும், வண்டியின் எஞ்சினே எழுதிக் காட்டிய கணக்கினால் அது நீங்கியதையும் இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறேன். பெட்ரோல் வண்டி வைத்துள்ள சங்கங்களின் உறுப்பினர் யாவரும் இதனை ஒரு பாடமாகக் கொண்டு கற்கலாம். இயந்திரப் பயிற்சி வேண்டுவதில்லை. கூட்டலும் வகுத்தலும் அறிந்திருந்தால் போதும்.

தொப்பூர்க் கணவாய்க்கு வடபுறம், தருமபுரி மேட்டு நிலத்தில் உள்ள ஒரு நெசவாளர் சங்கத்தை ஆய்வு செய்யச் சென்றிருந்தேன். அச்சங்கத்திற்குச் சொந்தமாகச் சிறிய பெட்ரோல் சரக்கு வண்டி ஒன்று உண்டு. நெய்த துணியை ஏற்றிக்கொண்டு கணவாயில் இறங்கிச் சேலம் செல்லும். நூல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மேலே திரும்பும். முந்திய மூன்று மாதங்களில் பெட்ரோல் செலவு ரூ.4,200 கூடியிருந்தது. நிர்வாகக் குழுவினர் இதற்கு ஒரு காரணத்தைத் தாமே முடிவு செய்திருந்தனர். ஓட்டுநர் இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விட மறுக்கிறார், கியரிலேயே இறக்குகிறார், அதனால் பெட்ரோல் வீணாகிறது என்பதே அது. இனி நியூட்ரலிலேயே இறக்க வேண்டும் என்றும், கூடுதல் செலவை அவர் சம்பளத்தில் தவணையாகப் பிடிக்க வேண்டும் என்றும் தீர்மானம் எழுதப்பட்டு, என் பார்வைக்கு வைக்கப்பட்டது.

ஓட்டுநரை அழைத்துக் கேட்டேன். “ஐயா, சம்பளத்தில் பிடிப்பதானால் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் வண்டி என் கைக்கு நில்லாது. அதை மட்டும் செய்யச் சொல்லாதீர்கள்” என்றார். அவர் திருடினார் என்று எவரும் சொல்லவில்லை. எனினும் இரண்டு பெண்மக்களைப் படிக்க வைக்கும் ஒருவருக்கு ரூ.4,200 சிறு தொகையன்று. அவர் பெயருக்கு நேரும் இழுக்கோ அதனினும் பெரிது. ஆகவே தீர்மானத்தை ஒரு வாரம் நிறுத்தி வைக்குமாறு தலைவரைக் கேட்டுக்கொண்டேன். தலைவரும் நேர்மையாளர், இசைந்தார். தொழில்நுட்பக் கல்லூரியில் கற்பிக்கும் நண்பர் ஒருவர் தம் பதிவுக் கருவியுடன் உதவிக்கு வந்தார்.

பெட்ரோலும் காற்றும்

அடுப்பு எரிய விறகு மட்டும் போதாது, காற்றும் வேண்டும். எஞ்சினும் அவ்வாறே. கலப்பற்ற பெட்ரோல் 1 கிராம் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று இதனினும் குறைந்தால் பெட்ரோல் முற்றும் எரியாது புகையுடன் வெளியேறும். இதனைச் செறிந்த கலவை என்போம். காற்று மிகுந்தால் எரிந்தது போகப் பிராணவாயு எஞ்சி நிற்கும். இது மெலிந்த கலவை.

இன்று நாம் வாங்குவது கலப்பற்ற பெட்ரோல் அன்று என்பதை விவசாயி உறுப்பினர் நன்கு அறிவர். கரும்பிலிருந்தும் மக்காச்சோளம் முதலிய தானியங்களிலிருந்தும் எடுக்கப்படும் எத்தனால் அதில் கலக்கப்படுகிறது. 2025ஆம் ஆண்டில் இக்கலப்பு நாடெங்கும் 20 விழுக்காடு என்னும் அளவை எட்டியது. எத்தனால் 1 கிராம் எரிய 9 கிராம் காற்றே போதும். ஆகவே 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு வேண்டிய காற்று ஏறத்தாழ 13.5 கிராம் ஆகிறது.

எரிபொருளுக்கு எரிபொருள் எண் மாறுவதால் கணக்கில் குழப்பம் நேராதிருக்க, அறிஞர்கள் லாம்டா என்னும் அளவைக் கையாளுகின்றனர். உள்ளே வந்த காற்றை, வேண்டிய காற்றால் வகுத்தால் வருவது லாம்டா. சரியாக இருந்தால் 1. காற்று பத்தில் ஒரு பங்கு குறைந்தால் 0.9, பத்தில் ஒரு பங்கு மிகுந்தால் 1.1. எரிபொருள் எதுவாயினும் இவ்விதி மாறாது. பட்டறைகளில் உள்ள சில அளவிகள் லாம்டா 1 ஆகும்போதெல்லாம் ‘14.7’ என்றே காட்டும். தொட்டியில் எத்தனால் கலந்த பெட்ரோல் இருக்கையில் உண்மை விகிதம் அதுவன்று. அளவி தனக்குப் பழகிய மொழியில் பேசுகிறது, அவ்வளவே. எனவே லாம்டாவையே எழுதிக்கொள்வது நலம்.

புகைக் குழாயில் ஒரு கணக்கர்

எரிந்தபின் பிராணவாயு எவ்வளவு எஞ்சியது என்பதை அளப்பதற்காகப் புகைக் குழாயில் ஒரு கருவி பொருத்தப்பட்டுள்ளது. அதுவே ஆக்சிஜன் சென்சார். 1976ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் செய்த சென்சார், ஸ்வீடன் நாட்டு வால்வோ கார்களில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதன் உள்ளே இருப்பது சிர்க்கோனியம் ஆக்சைடு என்னும் ஒருவகைப் பீங்கான். இப்பீங்கான் நன்கு சூடேறியபின், ஒருபுறம் வெளிக்காற்றும் மறுபுறம் புகையும் படுமாயின், இரு புறத்துப் பிராணவாயுவின் வேறுபாட்டிற்கேற்ப மின்னழுத்தம் தரும். இதன் அடிப்படைச் சமன்பாட்டை 1889ஆம் ஆண்டிலேயே கண்டு கூறியவர் ஜெர்மானிய அறிஞர் வால்டர் நெர்ன்ஸ்ட். 1920ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றவர்.

சென்சாரில் இரு வகை உண்டு. முதல் வகை, பட்டறைக்காரர் ‘நேரோபேண்ட்’ என்பது. கலவை செறிந்திருந்தால் ஏறத்தாழ 0.9 வோல்ட், மெலிந்திருந்தால் 0.1 வோல்ட் காட்டும். எவ்வளவு செறிந்தது, எவ்வளவு மெலிந்தது என்று சொல்லாது. துலாக்கோலின் முள் இப்புறம் சாய்ந்தது, அப்புறம் சாய்ந்தது என்பதை மட்டும் அறிவது போன்றது இது.

இரண்டாம் வகை ‘வைட்பேண்ட்’ எனப்படும் அகல அளவுச் சென்சார். இதில் பீங்கான் அறைகள் இரண்டு. ஒன்று பார்க்கிறது, மற்றொன்று இறைக்கிறது. சென்சாருக்குள் உள்ள சிறு இடைவெளியில் புகை நுழைகிறது. அங்கே பிராணவாயு மிகுந்திருந்தால் இறைக்கும் அறை அதனை வெளியேற்றும். குறைந்திருந்தால் உள்ளே கொணரும். எப்போதும் லாம்டா 1 என்னும் நிலையே அவ்விடைவெளியில் நிற்குமாறு இறைத்துக்கொண்டே இருக்கும். இவ்வாறு இறைப்பதற்கு எவ்வளவு மின்னோட்டம் ஆயிற்று என்பதை அளந்தால், புகையில் எவ்வளவு பிராணவாயு மிகை அல்லது குறை என்பது எண்ணாகவே கிடைத்துவிடும். கிணற்றில் நீர்மட்டம் மாறாதிருக்க எத்தனை சால் இறைத்தோம் என்று எண்ணி ஊற்றின் அளவைக் கணிப்பது போன்றதே இது.

இரண்டு ஏடுகள், ஒரே கடிகாரம்

சென்சார் தரும் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பயன் சிறிது. லாம்டா 1.3 என்று காட்டுகிறது என்போம். இது நல்லதா, தீயதா? ஏற்றத்தில் மிதியை முக்கால் பங்கு அழுத்தியிருக்கையில் இவ்வெண் வந்தால், பெட்ரோல் பம்பு தளர்ந்துவிட்டது என்றோ, வடிகட்டி அடைத்துக்கொண்டது என்றோ ஐயுற வேண்டும். மிதியிலிருந்து காலை எடுத்த கணத்தில் அதே எண் வந்தால் அதில் குறையேதுமில்லை. எண் ஒன்றே, பொருள் இரண்டு. எப்பொருள் என்பதை அந்த நொடியில் மிதி எங்கிருந்தது, எஞ்சின் எவ்வளவு சுழன்றது, வண்டி என்ன வேகத்தில் ஓடிற்று என்னும் செய்திகளே சொல்ல வேண்டும்.

இச்செய்திகள் எஞ்சின் கணினியிடம் உள்ளன. எனவே சென்சாரின் எண்ணையும் எஞ்சின் கணினியின் வழியாகவே பதிவு செய்தால், எல்லாம் ஒரே கடிகாரத்தின்படி, ஒரே வரியில், பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் விழும். சென்சாரின் எண்ணைத் தனி அளவியில் பார்த்துத் தாளில் எழுதி, மற்றவற்றை வேறொருவர் வேறு கடிகாரம் பார்த்து எழுதினால் பின்னர் இரண்டையும் பொருத்த இயலாது. ரொக்கப் புத்தகத்தை ஒரு தேதியிலும் இருப்புப் பதிவேட்டை மற்றொரு தேதியிலும் முடித்துவிட்டு, இரண்டும் ஒத்து வரவில்லையே என்று வியப்பதற்கு அது ஒப்பாகும்.

பதிவு செய்யும் முறை

இந்தியாவில் பி.எஸ். 4 தரத்து வண்டிகளுக்கு, எஞ்சின் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஏற்பாட்டின் முதற்கட்டம் 2010 ஏப்ரலிலும், இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் விதிக்கப்பட்டது. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 தரம் நடப்புக்கு வந்தது. இவ்வேற்பாடுள்ள வண்டிகளில், ஓட்டுநர் இருக்கைக்கு முன்னே, ஸ்டீயரிங்குக்குக் கீழ்ப்புறத்தில் 16 துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் செருகத்தக்க சிறு அடாப்டர்கள் கடைகளில் கிடைக்கின்றன. அடாப்டர் கம்பியின்றிக் கைப்பேசியுடன் இணைந்துகொள்ளும். கைப்பேசியில் அதற்குரிய செயலியை வைத்து, வேண்டிய பத்திகளைத் தேர்ந்தால், பயணம் முழுதும் அட்டவணையாகப் பதிவாகிவிடும்.

வண்டியில் அகல அளவுச் சென்சார் தயாரிப்பிலேயே இருக்குமாயின், லாம்டாப் பத்தி இவ்வாறு நேரே கிடைக்கும். நாங்கள் சோதித்த வண்டி அத்தகையது.

தயாரிப்பில் இல்லாத வண்டிகளில், தனியே வாங்கிப் பொருத்துவோரும் உண்டு. அதற்குத் தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி வேண்டும். அப்பெட்டி, லாம்டாவுக்கேற்ப 0 முதல் 5 வோல்ட் வரை ஒரு மின்னழுத்தத்தை வெளியிடும். எஞ்சின் கணினியில் பயன்படாத உள்வழி இருந்து, அதன் நிரலும் இடந்தந்தால், அம்மின்னழுத்தத்தை உள்ளே செலுத்தி மற்றப் பத்திகளுடன் பதிவு செய்யலாம். இதனைத் தேர்ந்த மெக்கானிக்கே செய்யத்தக்கவர். அவரிடம் நாம் கேட்டறிய வேண்டியவை நான்கு.

முதலாவது, அளவுகோல். 0 வோல்ட் எவ்விகிதம், 5 வோல்ட் எவ்விகிதம் என்பது பெட்டியிலும் பதிவிலும் ஒன்றாக இருக்க வேண்டும். 0 என்பது 10 ஆகவும், 5 என்பது 20 ஆகவும் வைக்கப்பட்டிருந்தால் 2.35 வோல்ட் 14.7 ஆகும்.

இரண்டாவது, எர்த் கம்பி. பெட்டியின் எர்த்தும் எஞ்சின் கணினியின் எர்த்தும் ஒரே இடத்தில் முடிய வேண்டும். இரண்டிற்கும் இடையே 0.1 வோல்ட் வேறுபட்டாலும், மேற்கூறிய அளவுகோலில் 0.2 பிழை ஏறிவிடும். எடைக்கல்லின் அடியில் ஒட்டிய புளி போன்றது இது. கண்ணுக்குத் தெரியாது, ஒவ்வொரு நிறுவையிலும் வரும்.

மூன்றாவது, இடம். சென்சார் புகைக் குழாயின் மேற்பாதியில், வினையூக்கிப் பெட்டிக்கு முன்னே அமைய வேண்டும். கீழ்ப்பாதியில் அமைந்தால் குழாயில் திரளும் நீர் சூடான பீங்கானில் பட்டு அது வெடித்துவிடும். சென்சாருக்கு முன்னே குழாயில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று புகுந்து, கலவை மெலிந்ததாகப் பொய்ச்சாட்சி சொல்லும்.

நான்காவது, தாமதம். எஞ்சினில் எரிந்த புகை சென்சாரை அடையச் சிறிது நேரமாகும். ஆதலால் மிதி மாறிய வரிக்கு நேரேயுள்ள லாம்டாவை அப்படியே கொள்ளாமல், அடுத்த சில வரிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மலிவான அடாப்டர்கள் பத்திகளை ஒன்றன்பின் ஒன்றாகவே கேட்டு வாங்குவதால், இருபது பத்திகளைத் தேர்ந்தால் ஒவ்வொன்றும் மெல்ல வரும். சுழற்சி, வேகம், மிதி, காற்று வரத்து, லாம்டா என்னும் ஐந்தும் நேரமும் போதும்.

இறக்கத்தில் கண்டது

காலை ஏழரை மணிக்குத் துணி ஏற்றிய வண்டி புறப்பட்டது. ஓட்டுநர் வழக்கம்போல் மூன்றாவது கியரில், மிதியிலிருந்து காலை எடுத்து, வேண்டுமிடத்தில் மட்டும் பிரேக்கைத் தொட்டு இறக்கினார். நண்பர் பின்னிருந்து கைப்பேசியைக் கவனித்துக்கொண்டார். தொப்பூரை அடைந்து வண்டியை நிறுத்தியபின் பதிவைத் திறந்து பார்த்தோம்.

இறக்கத்தின் பெரும்பகுதியில் வரிகள் ஏறத்தாழ ஒரே விதமாக இருந்தன. வேகம் மணிக்கு 38 கிலோமீட்டர், சுழற்சி நிமிடத்திற்கு 2,500, மிதி சுழியம், லாம்டா 1.99.

தலைவர் இந்த 1.99 என்னும் எண்ணைக் கண்டு கலவரமடைந்தார். அதன் பொருள் இதுவே. எஞ்சின் கணினி லாம்டாவை வெளியே தெரிவிக்க வகுக்கப்பட்டுள்ள பொது முறையில் 2 என்னும் எண்ணை எட்ட இடமில்லை. எழுதக்கூடிய உச்ச வரம்பு அவ்வளவே. படி நிரம்பி வழிந்தாலும் ஒரு படி என்றே சொல்வது போல, மெலிவு எவ்வளவு மிகுந்தாலும் 1.99 என்றே எழுதும். அதாவது புகைக் குழாயில் அப்போது புகையே இல்லை, வெறுங்காற்றே சென்றுகொண்டிருந்தது. கியரில் இருக்கும் வண்டியின் சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றுகின்றன. மிதியில் கால் இல்லை. சுழற்சியும் போதிய அளவு உள்ளது. இம்மூன்றையும் கண்ட கணினி, இஞ்செக்டர்களை மூடிவிடுகிறது. அந்நேரம் எரியும் பெட்ரோல் சிறிதுமில்லை. சுழற்சி குறைந்து, எஞ்சின் நின்றுவிடும் நிலை நெருங்கும்போதுதான் மீண்டும் திறக்கிறது. அவ்வாறு திறந்தபின் சில நொடிகள் கலவை சற்றே செறிந்திருப்பதையும் பதிவில் கண்டோம். வினையூக்கிப் பெட்டியில் தேங்கிய பிராணவாயுவைச் செலவழிக்கக் கணினி செய்யும் ஏற்பாடு அது, அளவிற் சிறியது.

இனி நியூட்ரலின் கணக்கைப் பார்ப்போம். இச்சோதனையை நாங்கள் இறக்கத்தில் செய்யவில்லை. எவரும் செய்யவும் கூடாது. நியூட்ரலில் எஞ்சினுக்கும் சக்கரத்திற்கும் தொடர்பில்லை. வண்டி உருண்டாலும் நின்றாலும் எஞ்சினுக்கு ஒன்றே. எனவே தொப்பூரில் சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டுப் பதிவு செய்தோம். சுழற்சி 780, லாம்டா 1.00, காற்று வரத்து நொடிக்கு 1.8 கிராம்.

1.8 கிராம் காற்றை 13.5 ஆல் வகுக்க, நொடிக்கு ஏறத்தாழ 0.133 கிராம் பெட்ரோல் எரிகிறது. மணிக்கு 480 கிராம். லிட்டர் கணக்கில் சற்றேறக்குறைய 0.64. கணவாய் இறங்கப் பத்து நிமிடம் எனக் கொண்டால் 80 கிராம், அதாவது ஏறத்தாழ 0.11 லிட்டர். லிட்டர் ரூ.100 என்று வைத்தால் 11 ரூபாய். கியரில் இறக்கினால் அப்பத்து நிமிடத்தின் பெரும்பகுதிக்குச் செலவு சுழியம். ஆக, நியூட்ரலில் இறக்குவது மிச்சமன்று, செலவு.

‘நியூட்ரலில் வண்டி நெடுந்தூரம் உருளுமே’ என்று ஒருவர் வினவலாம். உண்மையே. மெல்லிய சரிவில் எஞ்சினின் இழுப்பு இல்லாமையால் வண்டி மேலும் சிறிது உருளும். ஆனால் தொப்பூர் போன்ற செங்குத்தான நெடிய இறக்கத்தில், கூடுதல் வேகத்தை வைத்துக்கொள்ள முடியுமா? பிரேக்கை அழுத்தித்தானே அதனைக் கரைக்க வேண்டும்? எஞ்சின் விலையின்றிச் செய்யும் வேலையைப் பிரேக் கட்டைகள் தேய்ந்து செய்கின்றன. தேய்வதோடு சூடேறுகின்றன. சூடு மிகுந்த பிரேக் பிடிப்பதில்லை.

இதன் விளைவை இவ்வட்டாரத்தார்க்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. முன்னர் 7 என்றும் இப்போது 44 என்றும் எண்ணிடப்பட்ட தேசிய நெடுஞ்சாலை இக்கணவாய் வழியே இறங்குகிறது. 2020 டிசம்பரில் இங்கு ஒரு லாரி பல வாகனங்கள் மீது மோதி நால்வர் மாண்டனர். 2024 ஜனவரியில் மற்றொரு விபத்தில் மேலும் நால்வர். ஒவ்வொரு விபத்தின் காரணத்தையும் ஆராய்வது என் வேலையன்று. எனினும் இறக்கத்தில் வண்டி கைமீறிப் போவதற்கு எத்தனை வழிகள் உண்டோ, அவற்றுள் நாமே விரும்பித் திறந்துவிடும் வழி நியூட்ரல்.

லாரி ஓட்டும் உறுப்பினர்களும் இதனைக் கவனித்தல் வேண்டும். டீசல் எஞ்சினின் கலவைக் கணக்கு வேறு. ஆயினும் கணினியுள்ள இக்காலத்து டீசல் எஞ்சின்களும், கியரில் மிதியை விட்டால் எரிபொருளை நிறுத்திக்கொள்கின்றன. லாரியின் எக்ஸாஸ்ட் பிரேக், கியரில் இருந்தால்தான் வண்டியைத் தடுக்கும். எஞ்சினையே அணைத்துவிட்டு இறக்கினாலோ, காற்றுப் பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரஸரும் நின்றுவிடும், ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். சில ரூபாய் டீசலுக்காக இவ்வளவையும் ஈடு வைக்கலாகாது.

ஏற்றத்தில் கண்டது

இறக்கத்தில் பெட்ரோல் வீணாகவில்லை என்றால், ரூ.4,200 எங்கே போயிற்று? அதற்கு விடை திரும்பும் வழியில் கிடைத்தது.

சேலத்தில் நூல் மூட்டைகள் ஏற்றப்பட்டன. அதன்பின் வண்டி மற்றொரு கிடங்குக்குச் சென்று, பக்கத்து ஊர் வேளாண்மைக் கடன் சங்கத்திற்காக உர மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டது. கணவாய் ஏறுகையில் பல இடங்களில் மிதி முழுவதும் அழுந்தியது. அவ்வரிகளில் சுழற்சி 3,500, காற்று வரத்து நொடிக்கு 34 கிராம், லாம்டா 0.87.

இதுவும் பழுதன்று. முழுச் சுமையில் எஞ்சினையும் வினையூக்கிப் பெட்டியையும் மிகு வெப்பத்தினின்று காக்கக் கணினி வேண்டுமென்றே கலவையைச் செறிவாக்குகிறது. ஆனால் செலவு செலவுதானே? 34 ஐ 13.5 ஆல் வகுத்து, மீண்டும் 0.87 ஆல் வகுக்க, நொடிக்கு ஏறத்தாழ 2.9 கிராம் பெட்ரோல். நியூட்ரலில் பத்து நிமிடம் எரியும் 80 கிராமை, முழு மிதியில் ஏறும் வண்டி 28 நொடியில் எரித்துவிடுகிறது. நிர்வாகக் குழுவினர் இறக்கத்தில் தேடிய காசு ஏற்றத்தில் கிடந்தது.

ஏடுகளை மீண்டும் புரட்டினோம். உர மூட்டை ஏற்றும் ஏற்பாடு சரியாக மூன்று மாதங்களுக்கு முன் தொடங்கியிருந்தது. அதற்குரிய வாடகை வரவு, ரூபாய் பைசா பிசகாமல் வரவுப் பதிவேட்டில் இருந்தது. பெட்ரோல் செலவு பயணப் பதிவேட்டில் இருந்தது. வரவு, செலவைவிட அதிகமாகவே இருந்தது. இரண்டையும் ஒரே தாளில் அருகருகே எழுதிப் பார்த்தவர் எவருமில்லை. பயணப் பதிவேட்டில் சுமைக்கென ஒரு பத்தியும் இல்லை. முந்திய இரண்டு ஆய்வுகளிலும் இக்குறையை எவரும் குறிக்கவில்லை. அவ்விரண்டில் ஒன்றைச் செய்தவன் நான்.

அடுத்த கூட்டத்தில் சம்பளப் பிடித்தத் தீர்மானம் இரத்துச் செய்யப்பட்டது. தலைவர் எழுந்து, ஓட்டுநரிடம் உறுப்பினர் முன்னிலையிலேயே வருத்தம் தெரிவித்தார். இறக்கத்தில் கியரிலேயே இறக்க வேண்டும் என்பது புதிய தீர்மானமாயிற்று.

சங்கங்கள் செய்யத்தக்கவை

1. பயணப் பதிவேட்டில் தூரம், பெட்ரோல் ஆகியவற்றுடன் சுமை, வழி என்னும் இரு பத்திகளையும் சேர்க்க. மேட்டுக்கு ஏறும் பயணத்தையும் சமதளப் பயணத்தையும் ஒரே மைலேஜ் கொண்டு அளக்கலாகாது.

2. நீண்ட இறக்கத்தில் நியூட்ரலோ, எஞ்சினை அணைத்தலோ கூடாது என எழுத்தில் தீர்மானம் செய்க. ஏறும்போது எந்தக் கியர் வேண்டுமோ, அதே கியர் இறங்கும்போதும் என்னும் பழைய வழக்கம் நல்லது.

3. ஏற்றத்தில் சரியான நேரத்தில் கியரைக் குறைத்து, மிதியை முழுதும் அழுத்தாமல் ஏற முயல்க. லாம்டா 1 அருகே நிற்கும் அளவுக்குச் செலவு குறையும். சுமையை இரு நடையாகப் பிரிப்பது இலாபமா என்பதை வாடகையுடன் ஒப்பிட்டே முடிவு செய்க.

4. ஆண்டுக்கொருமுறை ஒரே வழியில், ஒரே சுமையுடன் பதிவு எடுத்து வைத்துக்கொள்க. வண்டி நலமாக இருக்கையில் எடுத்த பதிவு, நோயுற்ற காலத்தில் ஒப்பிட உதவும்.

5. வண்டி ஓடுகையில் ஓட்டுநர் கைப்பேசியைத் தொடலாகாது; மற்றொருவரே கவனிக்க வேண்டும். அடாப்டர் காலில் இடறாதபடி இருக்கட்டும். பணி முடிந்ததும் அதனைக் கழற்றிவிடுக. இல்லையேல் நிறுத்திய வண்டியின் பேட்டரி இறங்கிவிடும்.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. லாம்டா 0.9 எனில், லாம்டா 1 ஐக் காட்டிலும் எத்தனை விழுக்காடு பெட்ரோல் கூடுதலாகச் செல்கிறது? (காற்று மாறவில்லை எனக் கொள்க.)

2. ஒரு பதிவில் லாம்டா 1.99 என்றுள்ளது. அதனைப் பழுது என்று சொல்லுமுன் வேறு எந்தப் பத்திகளைப் பார்ப்பீர்கள்? ஏன்?

3. நும் சங்கத்து வண்டி மாதம் 12 முறை கணவாய் இறங்குவதாகக் கொண்டு, நியூட்ரலில் இறக்கினால் ஆகும் வீண் செலவைக் கணக்கிடுக.

4. நும் சங்கத்தில் தனித்தனி ஏடுகளில் கிடந்து, ஒரே தாளில் சேர்த்துப் பார்க்கப்படாத வரவு செலவு வேறு எவை?

நான்காம் வினாவை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் சேர்த்து விவாதிக்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.